வீட்டில் நூடுல்ஸ் சூப்: இரண்டு பேருக்கு, சுமார் ஒரு மணி நேரத்தில்

முதல்முறை நூடுல்ஸ் சூப் வைப்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். அடுப்பில் இருக்கும்வரை நன்றாகத்தான் தெரியும். கிண்ணத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் போனால் சாறு இருந்த இடமே தெரியாது. நூடுல்ஸ் அத்தனையையும் குடித்து ஊதிப்போய், கரண்டியில் அள்ளினாலே அறுந்து விழும்.

அதனால் இந்த முறையில் இரண்டு பாத்திரம். ஒன்றில் சாறு, இன்னொன்றில் நூடுல்ஸ். இரண்டும் கிண்ணத்தில்தான் சேரும். உப்பு, சாறு வற்றி வடிகட்டிய பிறகுதான். இந்த இரண்டு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். மற்றவை இரண்டு மூன்று தடவை செய்தால் கைக்குப் பழகிவிடும்.

கீழே உள்ள அளவு இரண்டு பேர் இரவுச் சாப்பாடாகச் சாப்பிடப் போதுமானது. முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு இது முழுச் சைவ சூப்பாகவே நிற்கும்.

## 1. அடுப்பு பற்றவைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

சாறுக்கு:

- தண்ணீர் 1 லிட்டர் (வற்றி 750 மி.லி. ஆக வேண்டும்)
- பட்டன் காளான் 100 கிராம், அதாவது 200 கிராம் டப்பாவில் பாதி
- பெரிய வெங்காயம் 1
- கேரட் பாதி, தக்காளி பாதி
- பூண்டு 5 பல், இஞ்சி ஒரு அங்குலத் துண்டு
- மிளகு 12
- கொத்தமல்லித் தண்டு ஒரு பிடி, வேரோடு இருந்தால் மண் போகக் கழுவியது
- அன்னாசிப்பூவில் இரண்டு இதழ் மட்டும்

சேர்ப்பதற்கு:

- காய்ந்த கோதுமை நூடுல்ஸ் 120 கிராம்
- மெல்லியதாக நறுக்கிய கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கப்
- பாலக் அல்லது வேறு இளங்கீரை ஒரு கைப்பிடி
- வெங்காயத்தாள் 3
- முட்டை 2
- லைட் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, தூள் உப்பு அரை தேக்கரண்டி
- எலுமிச்சை பாதி
- வெள்ளை எள் 1 தேக்கரண்டி
- சின்ன வெங்காயம் 10, கடலை எண்ணெய் 4 மேசைக்கரண்டி

இங்கே தேக்கரண்டி என்றால் 5 மி.லி., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி. உப்பைத் தலைதட்டி அளக்கவும். அஞ்சறைப் பெட்டிக் கரண்டியால் கூம்பாக அள்ளினால் இரண்டு மடங்கு விழுந்துவிடும்.

கிண்ணம் ஒவ்வொன்றும் 600 முதல் 700 மி.லி. கொள்ள வேண்டும். பீங்கான் நல்லது. எவர்சில்வர் கிண்ணம் விரலைச் சுடும், சூட்டையும் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். இவை தவிர இரண்டு பாத்திரம், ஒரு பெரிய வடிகட்டி.

## 2. எந்த நூடுல்ஸ் வாங்குவது

கடையில் ஹக்கா நூடுல்ஸ் என்று விற்கும் காய்ந்த, எண்ணெயில் பொரிக்காத கோதுமை நூடுல்ஸ்தான் இதற்கு ஏற்றது. முட்டை சேர்த்த எக் நூடுல்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. சூட்டில் கொஞ்சம் கூடுதல் நேரம் உடையாமல் நிற்கும்.

ஒருவருக்கு 60 கிராம். பாக்கெட்டில் பார்க்கும்போது குறைவாகத்தான் தெரியும். வெந்தபின் இரண்டரை மடங்கு எடையாகிவிடும். "இன்னும் கொஞ்சம் போடலாமே" என்ற எண்ணம் வருகிற இடம் இதுதான். போடாதீர்கள். நூடுல்ஸ் கூடினால் அது சூப் இல்லை.

அரிசி நூடுல்ஸ் என்றால் கொதிக்க விட வேண்டியதில்லை. அடுப்பை அணைத்த வெந்நீரில் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் ஊறவைத்து வடித்தால் போதும். சிறுதானிய நூடுல்ஸில் கோதுமையின் பசைப்புரதம் குறைவு என்பதால் சட்டென்று உடையும். பாக்கெட்டில் சொன்னதைவிட ஒரு நிமிடம் முன்பே எடுக்கவும். சேமியா இதற்குச் சரிவராது. இழை மிகச் சன்னம் என்பதால் சூடான சாறில் இரண்டே நிமிடத்தில் குழைந்து பாயசப் பதத்துக்குப் போய்விடும்.

## 3. வெட்டும் வேலையை முழுதாக முடித்துவிடுங்கள்

கடைசி ஐந்து நிமிடம் கை ஓயாது. அந்த நேரத்தில் கேரட் நறுக்க உட்கார்ந்தால் நூடுல்ஸ் குழையும், முட்டை கட்டியாகும். ஆகவே அடுப்பைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் வெட்டித் தட்டில் தனித்தனியாக இருக்கட்டும்.

கேரட்டும் பீன்ஸும் தீக்குச்சிப் பருமன். முட்டைக்கோஸ் பொரியலுக்கு நறுக்குவதைவிட நீளமாக, நூடுல்ஸ் இழையோடு சேர்ந்து வரும்படி. வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி ஒரு பக்கம், பச்சைத்தாள் ஒரு பக்கம். வெள்ளை சாறில் வேகும், பச்சை கிண்ணத்தின் மேல் தூவ.

காளானைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். ஓடும் நீரில் வேகமாகக் கழுவி உடனே துடைத்து, கால் அங்குலத் தடிமனில் வெட்டவும்.

இப்போதே செய்து வைக்க வேண்டியது இன்னொன்று உண்டு: மிளகாய் வினிகர். 4 பச்சை மிளகாயை வட்டமாக நறுக்கி, 4 மேசைக்கரண்டி வினிகர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்து மூடி வைக்கவும். சீன உணவு விற்கும் கடைகளில் மேசைமேல் இருக்குமே, அதேதான். சூப் தயாராவதற்குள் அரை மணி நேரம் ஊறியிருக்கும். காரம் வேண்டியவர்கள் தங்கள் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பதால் குழந்தைகளுக்குத் தனியாகச் சூப் வைக்க வேண்டியதில்லை.

## 4. சின்ன வெங்காயம் பொரித்தல்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மீ சூப் என்னும் நூடுல்ஸ் சூப்பின் மேல் பொரித்த சின்ன வெங்காயம் தூவிக் கொடுப்பார்கள். அந்த வாசனை இல்லாமல் இந்த சூப் முழுமையாகாது. பொரித்த எண்ணெய்தான் சாறுக்குத் தாளிப்பு, ஆகவே இதுவே முதல் சமையல் வேலை.

வெங்காயத்தை ஒரே தடிமனில் மெல்லிய வில்லைகளாக வெட்டவும். தடிமன் மாறினால் பாதி கருகும்போது மீதி வேகாமலே இருக்கும்.

வாணலியில் 4 மேசைக்கரண்டி எண்ணெயும் வெங்காயமும் ஒன்றாகப் போட்டு, அதன்பிறகு அடுப்பைப் பற்றவைக்கவும். எண்ணெயைக் காயவைத்துப் போட்டால் ஓரம் உடனே சிவக்கும், உள்ளே ஈரம் நிற்கும், ஆறியதும் தொய்ந்துவிடும். ஆறின எண்ணெயில் தொடங்கினால் ஈரம் மெதுவாக வெளியேறி மொறுமொறுப்பாக வரும். மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள்.

காதை வைத்துக் கேளுங்கள். முதலில் சடசடவென்று பொங்கும். ஈரம் வற்ற வற்ற அந்தச் சத்தம் தணியும், குமிழ்கள் சிறுக்கும். வெங்காயம் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் தட்டில் கொட்டியபிறகு உள்சூட்டிலேயே பழுப்பாகிக் கசக்கும். எடுத்தவுடன் தட்டில் பரப்பி விடவும். குவித்து வைத்தால் ஆவி கட்டி நமுத்துப்போகும்.

எண்ணெயை வடித்து வையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி இப்போது சாறுக்கு. மீதி கிண்ணத்தில் ஊற்ற.

## 5. சாறு: இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்

பாக்கெட் மசாலா இல்லாமல் வைக்கும் சூப் சப்பென்று இருக்கிறது என்பவர்கள், வெறும் தண்ணீரில் காயைப் போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். காயைச் சிவக்க விட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றினால் கிடைக்கும் சாறே வேறு.

அடி கனமான பாத்திரத்தை எண்ணெய் இல்லாமல் சூடாக்கி, பெரிய வெங்காயத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் அடியில் படும்படி வைக்கவும். நான்கு நிமிடம் அசைக்கவே வேண்டாம். அடிப்பக்கம் கரும்பழுப்பாக வேண்டும். சாறுக்கு நிறமும் இனிப்பும் அங்கிருந்துதான் வரும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெங்காய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றவும்.

அடுத்தது காளான், ஒரே அடுக்காக. உப்பு போடாதீர்கள், உப்பு பட்டால் காளான் நீர் விட்டு, வதங்குவதற்குப் பதில் வேகத் தொடங்கும். முதல் இரண்டு நிமிடம் ஈரமாகத் தெரியும். பிறகு நீர் சுண்டி, ஓரம் பழுத்து, வாசனையே மாறும். மொத்தம் ஐந்து நிமிடம். அப்போது மூன்றில் ஒரு பங்கு காளானைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், கடைசியில் கிண்ணத்தில் போட.

காளான், தக்காளி, சோயா மூன்றிலும் குளூட்டமேட் இயற்கையாகவே உண்டு. கறிச்சாறில் நாம் தேடும் ஆழ்ந்த ருசிக்குக் காரணம் அதுதான். மூன்றும் சேர்ந்திருக்கும்போது அஜினோமோட்டோ தேவைப்படாது. போட்டே பழக்கம் என்றால் ஒரு சிட்டிகை போடுங்கள், உப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சோடியம் இருக்கிறது.

தட்டிய பூண்டும் இஞ்சியும் இப்போது. அரை நிமிடம் போதும். முன்பே போட்டிருந்தால் காளான் சிவப்பதற்குள் பூண்டு கருகியிருக்கும். கருகிய பூண்டின் கசப்பை எதைப் போட்டும் எடுக்க முடியாது. விழுதாக அரைத்த இஞ்சி பூண்டும் வேண்டாம். சாறு கலங்கும், அடியும் பிடிக்கும்.

தக்காளி, கேரட், மிளகு, அன்னாசிப்பூ இதழ், கொத்தமல்லித் தண்டு போட்டு ஒரு லிட்டர் வெந்நீர் ஊற்றவும். ஊற்றியதும் கட்டைக் கரண்டியால் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டி விடுங்கள். ருசியில் பாதி அந்தப் படிவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மூடியைப் பாதி சாய்த்து வைத்து 18 முதல் 20 நிமிடம். மேற்பரப்பில் அங்கங்கே குமிழ் எழ வேண்டும், அவ்வளவுதான். தளதளவென்று கொதித்தால் எண்ணெய் சாறோடு அடித்துக் கலந்து, காயும் கரைந்து, சூப் கலங்கலாகிவிடும்.

எதைப் போடக் கூடாது என்பதும் முக்கியம். சீரகமும் மஞ்சளும் போட்டால் ரசத்தின் பக்கம் போய்விடும். பட்டை, கிராம்பு போட்டால் பிரியாணி வாசனை வரும். உருளைக்கிழங்கு சாறைக் கலக்கும், காலிஃபிளவர் தண்டு நேரம் ஆக ஆகக் கந்தக வாடை விடும். அன்னாசிப்பூ முழுசாக ஒன்று போட்டாலும் மற்ற எல்லா வாசனையையும் அது அடக்கிவிடும். இரண்டு இதழ் என்றது அதற்காகத்தான்.

வடிகட்டி, காயை லேசாக அழுத்திப் பிழியவும். சாறை அளந்து பாருங்கள். 750 மி.லி.க்குக் குறைந்திருந்தால் வெந்நீர் சேர்க்கவும். கூடியிருந்தால் மூடியில்லாமல் சில நிமிடம் வற்ற விடவும். உப்பு இன்னும் போடாததால் எவ்வளவு வற்றினாலும் பயமில்லை.

## 6. நூடுல்ஸ் வேகவைத்தல்

சாறு கொதிக்கத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் இன்னொரு அடுப்பில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வையுங்கள். 120 கிராம் நூடுல்ஸுக்கு இது அதிகம் போலத் தோன்றும். நூடுல்ஸ் போட்டவுடன் கொதி அடங்காமல் இருக்கவும், வெளிவரும் மாவு கெட்டியாகிப் பசையாகாமல் இருக்கவும் இவ்வளவு தண்ணீர் வேண்டும்.

பாக்கெட்டின் பின்புறம் பொருள் பட்டியலில் உப்பு இருக்கிறதா பாருங்கள். ஹக்கா நூடுல்ஸில் பெரும்பாலும் இருக்கும். இருந்தால் தண்ணீரில் உப்பு வேண்டாம்.

எண்ணெயும் வேண்டாம். தண்ணீரில் ஊற்றிய எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருக்கும், ஒட்டுவதைத் தடுக்காது. வடிக்கும்போதுதான் இழைமேல் படியும். வறுத்த நூடுல்ஸுக்கு அது உதவும் என்பதால் பலருக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. சூப்பில் எண்ணெய் பூசிய இழைமேல் சாறு பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒட்டாமல் இருக்க வழி, போட்டவுடன் முதல் ஒரு நிமிடம் முள்கரண்டியால் பிரித்து விடுவதுதான்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஓர் இழையை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனையளவு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அதுதான் எடுக்கும் பதம். புள்ளி மறைந்துவிட்டதென்றால் கிண்ணத்துக்குப் போவதற்குள் கூடுதலாக வெந்துவிடும், ஏனென்றால் சூடான சாறிலும் அது வெந்துகொண்டேதான் இருக்கும்.

உடனே வடித்து, குழாயடியில் குளிர்ந்த நீரில் கையால் அலசவும். வேகுவது அந்த நொடியே நிற்கும். மேலே பூசியிருக்கும் மாவும் போய்விடும். அலசாமல் விட்ட நூடுல்ஸ் வடிகட்டியிலேயே ஒரே கட்டியாகிவிடும். சாறில் போட்டால் அந்த மாவு கரைந்து சாறைக் கொழகொழப்பாக்கும்.

நூடுல்ஸ் வெந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். ஒன்பதாம் படியில் தேவைப்படும்.

ஒரே அடுப்பு இருப்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் நூடுல்ஸ் வேகவைத்து, அலசி, வடியவிட்டு வையுங்கள். பிறகு சாறு. பரிமாறும்போது சூடேற்ற வேறு வெந்நீர் இருக்காது, நூடுல்ஸை வடிகட்டியோடு கொதிக்கும் சாறிலேயே பத்து விநாடி முக்கி எடுத்துவிடலாம்.

## 7. உப்பும் சோயாவும்

வடிகட்டிய சாறை மறுபடி அடுப்பில் வைத்து, லைட் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி சேர்க்கவும். அந்தச் சோயாவிலேயே ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு இருக்கிறது. அரை தேக்கரண்டித் தூள் உப்பு மூன்று கிராம். 750 மி.லி. சாறுக்கு இது சரியாக வரும். நூடுல்ஸும் காயும் கொஞ்சம் உப்பை இழுக்கும் என்பதால் இந்தக் கட்டத்தில் குடித்துப் பார்த்தால் ஒரு துளி தூக்கலாக இருக்க வேண்டும்.

லைட், டார்க் என்று சோயா இரண்டு வகை. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது டார்க். அதில் கேரமல் நிறம் சேர்ந்திருப்பதால் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் சூப் கருத்துவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தி, மீதியை உப்பால் ஈடுகட்டுங்கள்.

நல்லெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். சீன, கொரியச் செய்முறைகளில் கடைசியில் எள்ளெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். அது எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய எண்ணெய். நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. வாசனை முற்றிலும் வேறு. இந்த சூப்பில் ஊற்றினால் வத்தக்குழம்பு நினைவுதான் வரும். ஒரு தேக்கரண்டி வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் பொரியும்வரை வறுத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கித் தூவுங்கள். தேடும் வாசனை கிடைத்துவிடும்.

## 8. காய், கீரை, முட்டை

சாறு மெதுவாகக் கொதிக்கும்போது கடினமானது முதலில்: பீன்ஸ். ஒரு நிமிடம் கழித்துக் கேரட்டும் வெங்காயத்தாளின் வெள்ளையும். இன்னொரு நிமிடம் கழித்து முட்டைக்கோஸ். அதற்குப் பிறகு ஒரே நிமிடம். எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினால் பீன்ஸ் வேகும்போது கோஸ் வெந்து வாடை அடிக்கும். காய் மெல்லும்போது லேசாக நறுக்கென்று கடிபட வேண்டும்.

கீரை கடைசி 20 விநாடி. முருங்கைக்கீரை போடுவதென்றால் உருவி வைத்த இளம் இலையாக, ஒரு நிமிடம் வேகட்டும்.

முட்டைக்கு இரண்டு வழி. எளிதானது அவித்த முட்டை: கொதிக்கும் நீரில் மெதுவாக இறக்கி 7 நிமிடம், உடனே குளிர்ந்த நீரில். மஞ்சள் கரு தேன் போல நிற்கும். முழுதாக வேக வேண்டும் என்றால் 10 நிமிடம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் பத்து நிமிடமே வையுங்கள்.

இன்னொன்று இழை முட்டை. அவசரக்காரர்கள் தடுமாறும் இடம் இது. முட்டையை ஒரு சிட்டிகை உப்போடு நுரைக்காமல் கலக்கவும். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளோரை இரண்டு மேசைக்கரண்டி ஆறின தண்ணீரில் கரைத்துச் சாறில் ஊற்றி ஒரு கொதி விடவும். இந்தச் சிறு கெட்டி இருந்தால்தான் முட்டை இழையாக மிதக்கும், இல்லையென்றால் தூளாகி அடியில் போகும். தீயைக் குறைத்து, முள்கரண்டியின் மேல் படும்படி உயரத்திலிருந்து நூல் போல ஊற்றுங்கள். ஊற்றி முடித்ததும் கையை எடுத்துவிடுங்கள். பத்து விநாடி கலக்கவே கூடாது. பிறகு ஒரே ஒரு சுற்று. ஊற்றும்போதே கலக்கினால் முட்டை உறைவதற்குள் உடைந்து சாறு பால் போலக் கலங்கிவிடும்.

கார்ன்ஃப்ளோர் இதற்கு மேல் வேண்டாம். கடை சூப் போலக் கெட்டியாக இருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று கரண்டி போட்டால் நூடுல்ஸோடு சேர்ந்து களியாகிவிடும்.

## 9. கிண்ணத்தில் சேர்ப்பது

இதற்கு முன் சாப்பிடுபவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுங்கள். இனி நடப்பதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

நூடுல்ஸ் வெந்த தண்ணீரை மறுபடி கொதிக்கவிட்டு, கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டவும். கிண்ணம் சூடாகிவிடும். அலசி வைத்த நூடுல்ஸை வடிகட்டியோடு அதே தண்ணீரில் பத்து விநாடி முக்கி, நன்றாக உதறி எடுக்கவும். இந்தப் படியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆறின நூடுல்ஸ் மேல் கொதிக்கும் சாறை ஊற்றினால் ஏறத்தாழ 20 டிகிரி சூடு அப்போதே இறங்கிவிடும். மேசைக்கு வரும்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

நூடுல்ஸ், அதன் மேல் காய், அதன் மேல் சாறு. சாறு நூடுல்ஸை மூடிவிட்டு விரல் நுனி அளவு மேலே நிற்கட்டும். தனியே வைத்த காளான், முட்டை, பச்சை வெங்காயத்தாள், எள், கடைசியில் பொரித்த வெங்காயமும் அதன் எண்ணெய் அரை தேக்கரண்டியும். எலுமிச்சையைக் கிண்ணத்தில்தான் பிழிய வேண்டும், அடுப்பில் பிழிந்தால் வாசனை ஆவியோடு போய்விடும். கால் மூடிச் சாறு போதும். புளிப்பு தனியாகத் தெரியக் கூடாது, மற்ற ருசியை எடுத்துக்காட்டினால் போதும்.

## 10. அசைவச் சாறு வேண்டுமென்றால்

நேரம் குறைவாக இருக்கும்போது நெத்திலிக் கருவாட்டுச் சாறை விடச் சிறந்தது கிடையாது. கொரியாவில் வீட்டு நூடுல்ஸ் சூப்புகளுக்குக் காய்ந்த நெத்திலிச் சாறுதான் வழக்கமான அடிப்படை. மலேசியாவிலும் இக்கான் பிலிஸ் என்று அதையே போடுகிறார்கள். இத்தனைக்கும் கருவாடு நம் வீட்டில் எப்போதும் இருக்கும் பொருள்.

20 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி. தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து உள்ளிருக்கும் கருப்புத் துணுக்கை எடுத்துவிடவும். கசப்பு அதில்தான். மணல் போக மூன்று தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, வெறும் வாணலியில் மெல்லிய தீயில் காய்ந்து வாசனை வரும்வரை வறுக்கவும். ஒரு லிட்டர் தண்ணீரில் வெங்காயம், இஞ்சியோடு போட்டு, மூடாமல் 12 நிமிடம் கொதிக்கவிட்டு எடுத்துவிடவும். மூடினால் வாடை உள்ளேயே சுற்றும். நேரம் கூடினால் கசக்கும். உப்பிட்ட கருவாடா, உப்பில்லாததா என்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகே ஏழாம் படியின் உப்பை முடிவு செய்யுங்கள்.

கோழிக்கு 250 கிராம் சூப் எலும்பு. கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டு எலும்பைக் கழுவுங்கள், நுரையும் அழுக்கும் அதோடு போய்விடும். பிறகு குக்கரில் 1.1 லிட்டர் தண்ணீர், இஞ்சி, பூண்டு, மிளகோடு முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 15 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கிவிட்டால் உள்ளே சாறு பொங்கிக் கலங்கிவிடும்.

## 11. தவறிப்போனால்

உப்பு கூடிவிட்டது. கால் கப் கால் கப்பாக வெந்நீர் சேர்த்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை மட்டும் இழுத்துக்கொள்ளும் என்பது சரியல்ல. அது சாறையும் சேர்த்தே இழுக்கும், மிச்சமிருக்கும் சாறின் உப்பு அப்படியேதான் இருக்கும்.

சப்பென்று இருக்கிறது. முதலில் ஒரு சிட்டிகை உப்பு. அதற்கும் எழவில்லையென்றால் எலுமிச்சை. அதன் பிறகுதான் மிளகுத்தூள். பெரும்பாலும் முதல் சிட்டிகையிலேயே சரியாகிவிடும், ஆனால் கை நேராக சோயா பாட்டிலுக்குப் போய்விடுகிறது, நிறம்தான் கருக்கும்.

நூடுல்ஸ் கட்டியாகிவிட்டது. கையால் பிய்க்க வேண்டாம், அறுந்துவிடும். கொதிநீரில் முக்கி முள்கரண்டியால் அசைத்தால் தானே பிரியும்.

நூடுல்ஸ் குழைந்தேவிட்டது. அதைத் திருப்ப முடியாது. சாறை மிச்சப்படுத்துங்கள், புதிதாக வேறு நூடுல்ஸ் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். இரண்டு பாத்திரத்தில் சமைப்பதில் இந்த வசதியும் உண்டு.

## 12. பாக்கெட் நூடுல்ஸ் மட்டும் இருந்தால்

உடனடி நூடுல்ஸ் பெரும்பாலும் எண்ணெயில் பொரித்து உலர்த்தியது. தனியே இரண்டு நிமிடம் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் எண்ணெய் கொஞ்சம் போகும், சாறும் தெளிவாக இருக்கும். பாக்கெட் மசாலாவில் உப்பு நிறைய இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே மசாலாவில் பாதி போட்டு, சோயாவையும் உப்பையும் விட்டுவிடுங்கள்.

## 13. மீதியை வைப்பது

சாறும் நூடுல்ஸும் சேர்ந்தே மிஞ்சினால் வைப்பதில் பயனில்லை. காலையில் சாறே இருக்காது. சாறு மட்டும் என்றால் ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் மூடி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் பயன்படுத்தலாம். எடுக்கும்போது ஒருமுறை நன்றாகக் கொதிக்க வேண்டும். ஃபிரீசரில் இரண்டு மாதம்வரை வைக்கலாம்.

அடிக்கடி செய்கிற வீடு என்றால் விடுமுறை நாளில் சாறை மூன்று மடங்காக வைத்து, உப்பும் சோயாவும் போடாமல், 375 மி.லி. வீதம் டப்பாக்களில் உறையவைத்துவிடுங்கள். ஒரு டப்பா ஒரு கிண்ணம். வேலை முடித்து வந்த இரவில் அதை நேரே பாத்திரத்தில் போட்டுச் சூடேற்றிக்கொண்டே பக்கத்து அடுப்பில் நூடுல்ஸைப் போட்டால், 15 நிமிடத்தில் தட்டு வைத்துவிடலாம்.